காரின் சக்கரமும் அதன் சோதனையும்

மனிதன் கண்டறிந்த கருவிகளுள் சக்கரத்திற்கு ஒப்பானது பிறிதொன்று இல்லை. உருளை, ஆழி, திகிரி, நேமி எனப் பல பெயர்களால் தமிழர் அதனைப் பண்டுதொட்டே வழங்கி வந்துள்ளனர். குயவனது திகிரியும், உழவனது வண்டியுருளையும், கோயில் தேரின் ஆழியும் ஒரே தத்துவத்தின் வெவ்வேறு வடிவங்களே. ஏற்றிய சுமையைத் தாங்கி, ஓயாது சுழன்று, ஏறினாரை உரிய இடத்திற் கொண்டு சேர்ப்பது சக்கரத்தின் கடமை. அக்கடமையில் அஃது ஒருமுறை தவறினும் உயிர்க்கேடு நேரும். ஆகவே, சக்கரத்தின் உறுதியை முன்னதாகவே அறிந்துகொள்ளும் வழி யாது என்பது, வண்டி செய்யத் தொடங்கிய நாள் முதலே மக்கள் உள்ளத்தில் எழுந்த வினாவாகும்.

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து அமைந்த ஊர் கூமாப்பட்டி. தென்னந்தோப்புகளும் நெல்வயல்களும் கண்மாய்களும் அதனைச் சூழ்ந்துள்ளன. பிளவக்கல் அணை அதற்கு அண்மையில் உள்ளது. 2025-ஆம் ஆண்டில் சமூக ஊடகங்களில் பரவிய காணொளிகளால் இவ்வூரின் பெயர் தமிழகம் எங்கும் பரவிற்று. அயலூரார் பலர் கார்களில் ஏறி இதனைக் காண வந்தனர். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் சதுரகிரி மலைக்குச் செல்வோரும் வத்திராயிருப்பைக் கடந்தே தாணிப்பாறை அடிவாரத்தை அடைகின்றனர். கிருஷ்ணன்கோவிலிலிருந்து இப்பகுதிக்கு வரும் கார்களை உற்று நோக்கினால், அவற்றுட் பலவற்றின் சக்கரங்கள் வெள்ளி போல் மின்னுவதைக் காணலாம். அவற்றுட் சில, கார் செய்த ஆலையிலேயே பூட்டப்பட்டவை. வேறு சிலவோ, காரை வாங்கிய பின்னர் அதன் உடையவர் கடையில் விலை கொடுத்து வாங்கி மாற்றிப் பூட்டியவை. மக்கள் ‘அலாய் வீல்’ என வழங்கும் கலப்புலோகச் சக்கரங்கள் இவையே. இவற்றின் அழகு கண்ணுக்குத் தெரியும். உறுதியோ கண்ணுக்குத் தெரியாது. தெரியாத அவ்வுறுதியை அறிஞர் எங்ஙனம் அளந்தறிகின்றனர் என்பது யாவரும் அறிதற்குரியது.

பழைய மாட்டுவண்டியின் சக்கரத்தை முதலில் நோக்குவோர்க்குப் புதிய சக்கரத்தின் இயல்பு எளிதில் விளங்கும். அதன் நடுவே இருப்பது குடம். குடத்தில் செருகப்பட்டு வெளிநோக்கிச் செல்பவை ஆரக்கால்கள். அவற்றைத் தழுவி வட்டமாய் அமைந்தது வட்டை. வட்டையின்மேல் இறுக்கப்பட்டது இரும்புப் பட்டை. பட்டையை நெருப்பிலிட்டுக் காய்ச்சிச் சக்கரத்தின்மேற் பொருத்தி உடனே நீர் ஊற்றுவர். இரும்பு குளிர்ந்து சுருங்கி, மரத்துண்டுகள் அனைத்தையும் இறுகப் பிணிக்கும். சக்கரம் அச்சினின்று கழலாதவாறு காப்பது கடையாணி. வண்டி செய்யும் தச்சன் வைரம் பாய்ந்த மரத்தைத் தேர்ந்தெடுத்து, நாள்பட உலர்த்தி, வெடிப்பும் புழுத்துளையும் இல்லாமை கண்ட பின்னரே அதனில் உளியை வைப்பான். அவனுடைய கண்ணும் கையும் அனுபவமுமே அக்காலத்துச் சோதனைக் கூடங்கள்.

கூமாப்பட்டிக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரின் பெருந்தேர் இதற்கு மற்றொரு சான்று. ஆடிப்பூரத் திருவிழாவில் ஓடும் அத்தேர் தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்று. முற்காலத்தில் அது மரச்சக்கரங்களின்மீது ஓடிற்று. நிலையினின்று புறப்பட்ட தேர் மீண்டும் நிலைக்கு வந்து சேரப் பல நாள்கள் ஆயின. பிற்காலத்தில் அதற்கு இரும்புச் சக்கரங்கள் அமைத்தனர். சுமை பெருகுந்தோறும், வேகம் மிகுந்தோறும் சக்கரத்தின் பொருளும் மாறுவது இயல்பே. மரத்திலிருந்து இரும்புக்கும், இரும்பிலிருந்து எஃகுக்கும், எஃகிலிருந்து அலுமினியக் கலப்புக்கும் சக்கரம் வந்து சேர்ந்த வரலாறு இதுவே.

அலுமினியச் சக்கரத்தைப் பந்தயக் காரில் அமைத்துப் புகழ் பெற்றவர் எட்டோரே புகாட்டி என்பவர். 1924-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரில் நடந்த பெரும் பந்தயத்தில், எட்டுத் தட்டையான ஆரக்கால்களோடு வார்க்கப்பட்ட அலுமினியச் சக்கரங்களைக் கொண்ட கார்களை அவர் ஓடவிட்டார். பந்தயக் களத்தில் தோன்றிய அச்சக்கரம் நாளடைவில் எளிய குடும்பத்தினர் ஏறும் காருக்கும் வந்து சேர்ந்தது.

தூய அலுமினியம் மென்மையானது. தனித்து நின்று காரைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. எனவே அதனோடு நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு சிலிக்கனும், அரைப் பங்கிற்கும் குறைந்த அளவில் மக்னீசியமும் கலப்பர். உருகிய உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் தடையின்றிப் பாய்வதற்குச் சிலிக்கன் துணை செய்யும். பின்னர் வெப்பத்தாற் பதப்படுத்தும்போது வலிமை ஏறுவதற்கு மக்னீசியம் துணை செய்யும். எஃகினாற் செய்த அச்சினுள் உருகிய கலவையைக் கீழிருந்து காற்றின் அழுத்தத்தால் மெல்ல மேலேற்றி வார்ப்பர். வார்த்தெடுத்த சக்கரத்தை ஏறத்தாழ 540 பாகை வெப்பத்திற் சில மணி நேரம் வைத்து, உடனே நீரில் தோய்த்து, மீண்டும் 150 பாகையளவில் நெடுநேரம் சூடாக்குவர். இப்பதமே சக்கரத்தின் உயிர்நிலை. பதம் கெட்டால் பார்வைக்கு எவ்வேறுபாடும் தோன்றாது. வலிமை மட்டும் மறைந்தொழியும்.

ஒரே பருமனுள்ள அலுமினியமும் எஃகும் நிறுக்கப்படின், அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்களவே இருக்கும். எனினும் உறுதியின் பொருட்டுத் தடிப்பாக வார்க்க வேண்டியிருத்தலின், சக்கரத்தின் எடை அவ்வளவு குறைவதில்லை. மேலும், இரண்டும் அடிபடும்போது நடந்துகொள்ளும் முறை வேறு. தகட்டினாற் செய்த எஃகுச் சக்கரம் ஆழ்ந்த குழியில் மோதினால் பெரும்பாலும் வளையும். வார்த்த கலப்புலோகச் சக்கரமோ, தரத்திற் குறைந்ததாயின், வெடித்துப் பிளத்தலும் கூடும். வளைந்தது எச்சரிக்கும், வெடித்தது எச்சரிக்காது. சோதனையின் தேவை இங்கேதான் பிறக்கின்றது.

ஒரு கம்பியைக் கையில் எடுத்து ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை. அங்குமிங்குமாகப் பன்முறை வளைத்தால், அதே கையின் வலிமைக்கே அது முறிந்துவிடும். உலோகத்திற்கு நேரும் இத்தளர்ச்சியை ‘உலோகச் சோர்வு’ என்பர். இதனை உலகம் பெருந்துன்பத்தின் வாயிலாகவே கற்றுக்கொண்டது. 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், வெர்செய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயில் வண்டியின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர், ஜெர்மானிய இரயில்வேப் பொறியாளராகிய ஆகஸ்ட் வோலர் என்பவர் பல ஆண்டுகள் அச்சுகளை எந்திரத்திற் பூட்டிச் சுழற்றி ஆராய்ந்தார். ஒருமுறை ஏற்றினால் முறிக்காத சுமையும், இலட்சக்கணக்கான முறை மாறி மாறி ஏறினால் முறித்துவிடும் என்பதை அவர் நிறுவினார். இன்றைய சக்கரச் சோதனைகளுக்கெல்லாம் அடிப்படை அவ்வுண்மையே.

காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஏறத்தாழ 530 முறை சுழலும். 100 கிலோமீட்டர் ஓடினால் 53,000 சுழற்சி ஆகும். ஒவ்வொரு சுழற்சியிலும் சக்கரத்தின் ஒவ்வோர் ஆரக்காலும் ஒருமுறை சுமையேற்று, ஒருமுறை சுமை நீங்கும். எஃகிற்கு ஒரு வரம்பு உண்டு. அவ்வரம்பிற்குக் குறைந்த சுமையை அது எத்தனை முறையும் பொறுக்கும். அலுமினியத்திற்கோ அத்தகைய திட்டமான வரம்பு இல்லை. எனவே கலப்புலோகச் சக்கரத்தை நெடுநேரம் சுழற்றிச் சோதித்தல் இன்றியமையாததாகின்றது.

சோதனைகளுள் தலையாயவை மூன்று. முதலாவது, வளைவுச் சோதனை. கார் திருப்பத்தில் விரைந்து திரும்பும்போது, சாலை சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அத்தள்ளல் சக்கரத்தின் நடுப்பகுதியை வளைக்க முயலும். சோதனைக் கூடத்தில் சக்கரத்தின் விளிம்பை மேடையில் இறுகப் பிணித்து, நடுவில் ஒரு தண்டைப் பூட்டி, அத்தண்டின் வாயிலாக ஓயாது வளைவிசையைச் சுழற்றி ஏற்றுவர். வகுத்த எண்ணிக்கையுள்ள சுழற்சிகள் முடிந்ததும், சிறு வெடிப்பையும் காட்டவல்ல சாயத்தைப் பூசி ஆராய்வர். மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றினும் அச்சக்கரம் தேறாது.

இரண்டாவது, சுமையோட்டச் சோதனை. டயர் பூட்டிய சக்கரத்தைப் பெரிய இரும்பு உருளையின்மீது அழுத்தி ஓடச் செய்வர். சக்கரத்திற்கு வகுத்துள்ள சுமையினும் இரு மடங்கிற்கு மேற்பட்ட சுமையை அதன்மீது ஏற்றுவர். பயணியர் காரின் கலப்புலோகச் சக்கரம் இந்நிலையில் ஐந்து இலட்சம் சுழற்சிகளைத் தாங்க வேண்டும் என்று ஜப்பானியத் தரமுறை வகுத்துள்ளது. பல்லாண்டுப் பயணத்தின் களைப்பைச் சில நாள்களில் உண்டாக்கிப் பார்க்கும் சோதனை இது.

மூன்றாவது, மோதல் சோதனை. சாலையின் குழியிலோ, பாலத்தின் ஓரக்கல்லிலோ சக்கரம் மோதினால் நேர்வதை இது காட்டும். ஐ.எஸ்.ஓ. 7141 என்னும் பன்னாட்டுத் தரம் இதன் முறையை விரித்துரைக்கின்றது. டயர் பூட்டிக் காற்றடைத்த சக்கரத்தை 13 பாகை சாய்வில் நிறுத்துவர். அதன் விளிம்பின்மேல் ஒரு பாரத்தை 230 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு சாண் உயரத்திலிருந்து விழச் செய்வர். பாரத்தின் அளவைக் கணக்கிடும் முறை எளிது. சக்கரம் தாங்கவல்ல சுமையைப் பத்திற் கூறிட்டு, ஆறு பங்கை எடுத்து, அதனோடு 180 கிலோகிராமைக் கூட்ட வேண்டும். சக்கரத்தின் சுமை 450 கிலோகிராம் எனின், ஆறு பங்கு 270. அதனோடு 180 சேர்ந்தால் 450 கிலோகிராம் ஆகும். ஒன்பது சிமெண்டு மூட்டைகளை ஒருங்கே கட்டி ஒரு சாண் உயரத்திலிருந்து சக்கரத்தின் விளிம்பில் விழச் செய்வதற்கு இஃது ஒப்பாகும். இவ்வடியால் விளிம்பு வளையலாம். அதனைத் தவறென்று கொள்வதில்லை. ஆனால் நடுப்பகுதி ஊடுருவ வெடித்தலோ, நடுப்பகுதி விளிம்பினின்று பிரிதலோ, டயரின் காற்று ஒரு நிமிடத்திற்குள் முற்றும் வெளியேறுதலோ கூடாது. சக்கரம் சிதைந்தாலும் காரை ஓட்டுபவர் அதனை நிறுத்துவதற்குரிய பொழுதேனும் கிடைக்க வேண்டும் என்பதே இவ்விதியின் உட்கருத்து.

இச்சோதனைக்கு ஆளான சக்கரம் மீண்டும் சாலைக்கு வருதல் ஆகாது. ஒன்று அழிந்து தன் இனத்தைக் காக்கின்றது. எனவே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு சக்கரத்தையும் இவ்வாறு சோதிக்க இயலாது. மாதிரியைச் சோதித்து மற்றவற்றை நம்புகிறோம். அந்நம்பிக்கை பொய்க்காதிருக்க வேண்டுமானால், மாதிரியும் மற்றவையும் ஒரே கலவையில், ஒரே பதத்தில் அமைந்திருத்தல் வேண்டும். நல்ல ஆலைகளில் வார்ப்பினுள் காற்றுப்புழைகள் உளவோ என்று எக்ஸ் கதிரால் ஊடுருவிப் பார்ப்பர். காற்று கசிகிறதோ என்றும் ஆராய்வர். சந்தையில் மட்பானை வாங்குவோர் விரலாற் தட்டி ஓசை கேட்டு வாங்குவது போலச் சக்கரத்தைத் தட்டி வாங்க முடியாது. அதன் குறை அத்துணை ஆழத்தில் ஒளிந்திருக்கும்.

ஒளிந்திருக்கும் குறை எத்துணைக் கொடியது என்பதற்கு ஜெர்மனி நாட்டு எஷடே என்னும் ஊரில் நிகழ்ந்த துயரம் சான்று. 1998-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் நாள், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய இரயில் வண்டியின் சக்கரப் பட்டை ஒன்று உலோகச் சோர்வினால் உடைந்தது. வண்டி தடம் புரண்டு பாலத்தில் மோதியது. 101 பேர் உயிரிழந்தனர். அப்பட்டையின் வெடிப்பு உட்புறத்தில் தொடங்கி வளர்ந்திருந்தது. வெளியே நின்று நோக்குவோர்க்கு அது புலப்படவில்லை. இரயிலுக்கும் காருக்கும் அளவு வேறு, பாடம் ஒன்றே.

இத்துணைச் சோதனைகளையும் ஆளுக்கொரு முறையிற் செய்தால் பயன் இல்லை. படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டால் வாணிகம் கெடுவது போலச் சோதனையின் அளவு வேறுபட்டாற் பாதுகாப்புக் கெடும். ஆகவே நாடுகள் தரங்களை வகுத்தன. மாற்றுச் சக்கரங்களுக்கென ஐக்கிய நாடுகள் அமைப்பின் 124-ஆம் விதி உள்ளது. ஜெர்மனியில் ஒப்புதல் பெற்ற மாற்றுச் சக்கரத்தில் அரசின் ஒப்புதல் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஜப்பானில் ‘ஜே.டபிள்யூ.எல்.’ என்னும் குறி வழங்குகின்றது. தம் சக்கரம் தரத்திற்கு ஒத்தது என்று செய்தவரே உறுதி கூறிப் பொறிப்பது அக்குறி. ‘வி.ஐ.ஏ.’ என்னும் மற்றொரு குறியோ, தனி நிலையம் ஒன்று சோதித்துப் பதிவு செய்தமையைக் காட்டுவது. தன் பிள்ளையைத் தானே புகழ்தலுக்கும், ஊரார் புகழ்தலுக்கும் உள்ள வேறுபாடு இவ்விரண்டிற்கும் உண்டு.

நம் நாட்டில் தரம் வகுக்கும் பணி, விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே தோன்றிய இந்தியத் தர நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய இந்தியத் தர நிர்ணய அமைவனம். ‘ஐ.எஸ்.ஐ.’ என்னும் பழைய முத்திரை இன்றும் வழக்கில் உள்ளது. கலப்புலோகச் சக்கரங்களுக்குரிய இந்தியத் தரம் ‘ஐ.எஸ். 16192’ என்பதாகும். 2020-ஆம் ஆண்டில் நடுவண் அரசு ஊர்திச் சக்கரங்களுக்கெனத் தரக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்றைப் பிறப்பித்து, இத்தகைய தரங்களுக்கு ஒத்துத் தர முத்திரை பெறுதலைக் கட்டாயமாக்க வழி வகுத்தது. ஊர்திகளையும் அவற்றின் உறுப்புகளையும் சோதிக்கும் கூடங்கள் புனே, மானேசர் முதலிய இடங்களில் உள்ளன. தமிழகத்தில் சென்னையை அடுத்த ஒரகடத்திலும் ஒன்று உண்டு. சக்கரம் செய்யும் தொழிலும் தமிழகத்திற்குப் புதிதன்று. சென்னையை அடுத்த பாடியில் 1960-களிலேயே சக்கர ஆலை எழுந்தது.

தேறிய சக்கரமும் பொருந்தாத காரிற் பூட்டப்பட்டால் தீங்கே விளைக்கும். சக்கரத்தின் உட்புறத்தில் ‘6 ஜே × 15’ என்பன போன்ற குறிகள் காணப்படும். விளிம்பின் அகலம் 6 அங்குலம், குறுக்களவு 15 அங்குலம் என்பது அதன் பொருள். ‘ஜே’ என்பது விளிம்பின் வடிவத்தைக் குறிப்பது. தாங்கும் சுமையின் அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் அளவையும் நோக்குதல் வேண்டும். நான்கு போல்ட்டுகள் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்த சக்கரமும், 98 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்த சக்கரமும் கண்ணுக்கு ஒன்று போலவே தோன்றும். அந்த 2 மில்லிமீட்டர் வேறுபாட்டை முறுக்கி மறைக்க முயன்றால், போல்ட்டுகள் வளைந்து, நட்டுகள் தளர்ந்து, சக்கரம் கழலவும் கூடும். அளவிற் பெரிய சக்கரத்தைப் பூட்டி அது காரின் உடலுக்கு வெளியே நீண்டு நிற்குமாறு செய்தலும் தவறு. ஊர்தியின் பதிவுக் குறிப்புகளுக்கு மாறாக அதனை மாற்றலாகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் ஊர்திகள் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகின்றது.

பூட்டிய பின்னரும் கடமை முடிவதில்லை. நட்டுகளைக் காரின் கையேடு குறிக்கும் அளவிற்கு முறுக்கி, சிறிது தொலைவு ஓடிய பின்னர் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும். குழியில் மோதி நெளிந்த சக்கரத்தை நெருப்பிற் காய்ச்சி அடித்து நிமிர்த்துவதும், வெடித்த இடத்தைப் பற்றவைத்து வண்ணம் பூசுவதும் சில இடங்களிற் காணப்படும் வழக்கம். மேலே கூறிய பதம் அந்நெருப்பினால் அழிந்துவிடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. வண்ணம் வெடிப்பை மறைக்குமே அன்றி ஆற்றாது. மயிற்றோகையே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் உலகிற்கு உணர்த்தினார். ஐவர் அமரும் காரில் எண்மர் ஏறி, மூட்டை முடிச்சுகளையும் ஏற்றி மலையடிவாரம் நோக்கி விரைவோர் அவ்வுரையை நினைவிற் கொள்ளுதல் நலம்.

ஒளியும் உறுதியும் ஒன்றல்ல. கடைத்தெருவில் மின்னும் சக்கரங்களுள் சோதனைக்கு உட்பட்டதும் உட்படாததும் அருகருகே இருக்கும்; விலை குறைந்தது, பெரும்பாலும், பார்வைக்குக் குறைந்ததாய் இராது. அவற்றை வேறு பிரித்துக் காட்டுவது சிறியதொரு முத்திரையும், அதற்குப் பின்னால் முகமறியாத ஒருவர் எங்கோ ஒரு கூடத்தில் எண்ணிய சுழற்சிகளுமே. வாங்குவோர் அம்முத்திரையைத் தேடிப் பார்க்க வேண்டும். விற்போர் பொய்ம்முத்திரையைத் தொடவும் அஞ்ச வேண்டும். ஓட்டுவோர் வகுத்த சுமையையும் வேகத்தையும் கடவாதிருத்தல் வேண்டும். இம்மூவருள் ஒருவர் தவறினும் அதன் பயனைத் துய்ப்பவர் பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையாயிருத்தல் கூடும். வழியே நடந்து செல்லும் உழவராயிருத்தலும் கூடும். சக்கரத்தைச் சோதிப்பது உலோகத்தைச் சோதிப்பது மட்டுமன்று. அதனைச் செய்தோர், விற்றோர், ஓட்டுவோர் ஆகியோரது நேர்மையைச் சோதிப்பதும் ஆகும்.